கடல் பிளக்காத நாளில்



புதுமைகளைக் கண்டால் நம்பிக்கை வளரும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் விடுதலைப் பயண நூலைக் கருத்தூன்றிப் படிப்போர் வேறொன்றைக் காண்பர். செங்கடலைக் கால் நனையாமல் கடந்த மக்கள், மூன்றே நாள்களில் மாராவின் கசப்பு நீரைக் கண்டு முறுமுறுக்கின்றனர். மன்னாவை உண்ட வாயே பொற்கன்றின்முன் ஆர்ப்பரிக்கின்றது. அவ்வாறெனில், இறைவன் ஆற்றிய வல்ல செயல்கள் எதற்காக? நம்பிக்கை வாழ்வில் அவற்றின் இடம் யாது? இடைக்காலத்தில் வாழ்ந்த இரு யூத அறிஞர்கள் இவ்வினாவுக்கு இருவேறு விடைகளை அளித்தனர்.

முதலாமவர் மைமோனிடஸ். 1138ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் பிறந்தவர். அல்மொகாத் ஆட்சியாளரின் ஒடுக்குமுறையால் குடும்பத்தோடு நாடு துறந்து, இறுதியில் எகிப்தில் குடியேறினார். 'மிஷ்னே தோரா' எனும் தம் சட்டத் தொகுப்பில், இஸ்ரயேலர் மோசேயை நம்பியது அடையாளங்களால் அன்று என அவர் துணிந்து உரைக்கின்றார். அடையாளத்தைக் கண்டு நம்புகிறவனின் உள்ளத்தில், இது மாயவித்தையோ என்னும் ஐயம் ஒரு மூலையில் எஞ்சியே நிற்கும். எகிப்தியரிடமிருந்து காக்க வேண்டியிருந்ததால் கடல் பிளந்தது. மக்கள் பசித்ததால் மன்னா பொழிந்தது. தாகமுற்றதால் பாறை நீர் தந்தது. யாவும் அவ்வவ்வேளையின் தேவைக்காகவே நிகழ்ந்தன; எதையும் மெய்ப்பிப்பதற்காக அன்று. சீனாய் மலையடியில் மக்கள் அனைவரும் தாமே கண்டதும் கேட்டதுமே நம்பிக்கையின் அடித்தளம் என்பது அவர் முடிவு.

இக்கருத்து நூலறிவில் மட்டும் நின்றுவிடவில்லை. குடும்பத்தைத் தாங்கி வந்த அவருடைய தம்பி தாவீது, இந்தியாவை நோக்கிய வணிகப் பயணத்தில் கடலில் மூழ்கி மாண்டார். அத்துயரால் ஏறத்தாழ ஓராண்டு நோயுற்றுப் படுக்கையில் கிடந்ததாகவும், ஆண்டுகள் பல சென்ற பின்னும் மனம் ஆறவில்லை எனவும் மைமோனிடஸ் மடலொன்றில் எழுதியுள்ளார். முன்னோருக்காகப் பிளந்த கடல் அவர் தம்பிக்காகப் பிளக்கவில்லை. எனினும், புதுமையின்மேல் கட்டப்படாத அவர் நம்பிக்கை, புதுமை நிகழாதபோது இடிந்துவிடவுமில்லை. மருத்துவராக நோயாளரைப் பேணியபடியே 1204இல் தாம் மறையும் வரை அவர் இறைச்சட்டத்தைக் கற்பித்தார்.

மற்றவர் நக்மானிடஸ், 1194இல் ஜிரோனாவில் பிறந்தவர். விடுதலைப் பயண நூலின் 13ஆம் அதிகாரத்துக்கு வரைந்த விளக்கவுரையில், புதுமைகளை அவர் இருவகையாகப் பகுக்கின்றார். கடல் பிளந்தது போன்றவை வெளிப்படையானவை. மழையும் விளைச்சலும் உடல்நலமுமாய் அன்றாட வாழ்வில் நம்மைச் சூழ்ந்திருப்பவை மறைவானவை. பெரும் புதுமைகள் நிகழ்ந்ததே, மறைவான புதுமைகளை நாம் உணரக் கற்றுக்கொள்வதற்காக என்கிறார் அவர். நமக்கு நேர்வன அனைத்திலும் இறைவனின் கரத்தைக் காணாதவனுக்கு மோசேயின் சட்டத்தில் பங்கே இல்லை என்பது அவரது கடுமையான கூற்று.

அவரும் சோதிக்கப்பட்டார். 1263இல் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில், பார்சிலோனாவில், தொமினிக்கத் துறவி பாப்லோ கிறிஸ்தியானியோடு சமய வாதம் புரியுமாறு பணிக்கப்பட்டார். அதன் விளைவாக எழுந்த நெருக்கடிகளால், முதிர்ந்த வயதில் தாயகத்தை விட்டு வெளியேறினார். திரு அவையின் பிள்ளைகளாகிய நாம் இதனைத் தாழ்மையுடன் நினைவுகூர வேண்டும். 1267இல் எருசலேமை அடைந்தபோது அவர் கண்டது பாழடைந்த நகரம். அங்கு நிலையாகக் குடியிருந்த யூதர், சாயத்தொழில் புரிந்த உடன்பிறந்தார் இருவர் மட்டுமே எனத் தம் மகனுக்கு எழுதினார். வானம் திறக்கவில்லை, மதில்கள் தாமாக எழவில்லை. இடிந்து கிடந்த ஒரு வீட்டைச் செப்பனிட்டுத் தொழுகைக்கூடமாக்கி, செக்கேமுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்த திருச்சட்டச் சுருள்களை அவர் மீண்டும் வருவித்தார். இறைவேண்டல் மறுபடியும் அங்கு ஒலித்தது. அதையும் மறைவான புதுமை என்றே சொல்லத் தோன்றுகின்றது.

இருவரும் புலம்பெயர்ந்தோர், இருவரும் இழப்பை அறிந்தோர். ஒருவர், புதுமையின்மேல் நம்பிக்கையைக் கட்டாதே என்றார். மற்றவர், புதுமையைக் கொண்டு உன் கண்களைப் பழக்கு என்றார். அடையாளம் கேட்டோரைக் கடிந்துகொண்ட நம் ஆண்டவரும், காணாமலே நம்புவோரைப் பேறுபெற்றோர் என்றார். நாம் வேண்டிய கடல் பிளக்காத நாளிலும், நேற்றுவரை நம்மை நடத்தி வந்தவர் யார் என எண்ணிப் பார்ப்போம். நம்பிக்கை ஆழம் பெறுவது அங்கேதான்.