முட்டையும் எட்டு வாரமும்

காசநோய்க் கிருமிக்கு அவசரமே கிடையாது. குடலில் வாழும் ஈ.கோலை தோதான சூட்டில் இருபது நிமிடத்துக்கொரு முறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒரு முறை பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அதை வளர்ப்பவர்களும் வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். சென்னையில் காசநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கிருமியை வளர்க்கும் லோவன்ஸ்டைன்–யென்சன் ஊடகத்தின் முழுப்பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. "எல்.ஜே. ஊத்தியாச்சா?" என்றுதான் கேட்போம்.

காசநோயாளி மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி சொன்னவை இந்த எல்.ஜே. பாட்டில்கள். மருந்துகளின் வரலாறு நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சாட்சியின் வரலாற்றையும் யாராவது எழுத வேண்டும்.

அது ராபர்ட் காக்கிடம் தொடங்குகிறது. 1882 மார்ச் 24 அன்று மாலை, பெர்லினில், காசநோய்க்குக் காரணமான கிருமியை அவர் அறிவித்தார். சாயமேற்றி நுண்ணோக்கியில் காட்டினால் மட்டும் போதாது, உடலுக்கு வெளியே தனியாக வளர்த்துக் காட்டவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அன்று வழக்கத்திலிருந்த ஜெலட்டின் உடல் சூட்டில் உருகிவிடும். இந்தக் கிருமியோ உடல் சூட்டில்தான் வளரும். அதனால் கால்நடை இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சோதனைக்குழாயில் ஊற்றி, குழாயைச் சாய்த்து வைத்து, இளஞ்சூட்டில் உறையவைத்தார். பரப்பு அதிகம் கிடைக்கட்டும் என்று அன்று சாய்த்த சாய்வு இன்றுவரை நிமிரவில்லை. எல்.ஜே. பாட்டிலில் நாங்கள் ஸ்லோப் என்று சொல்வதும் அதே சாய்வுதான். மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். காக்கின் குழாய்களில் முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை. அவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். இரண்டாவது வாரத்தில்தான் சிறு புள்ளிகள் தெரியத் தொடங்கின. அந்த ஒரு வாரக் காத்திருப்புக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

1887-இல் நோக்கார், ரூ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கிளிசரின் சேர்த்தால் வளர்ச்சி பெருகுவதைக் கண்டார்கள். பிறகு உருளைக்கிழங்கு வந்தது. லீல் நகரில் கால்மெட்டும் கெரானும் 1908 முதல் மாட்டுக் காசநோய்க் கிருமியை, மாட்டுப் பித்தநீரிலும் கிளிசரினிலும் வெந்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்த்தார்கள். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமலிருக்கவே பித்தநீர். ஆனால் மூன்று வாரத்துக்கொரு முறை புதுத் துண்டுக்கு மாற்றிக்கொண்டே போனதில் கிருமியின் வீரியம் குறைந்துவந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மானியப் படை ஊரைப் பிடித்திருந்தபோதும், உருளைக்கிழங்கு கிடைப்பதே பாடாயிருந்தபோதும், அவர்கள் மாற்றுவதை நிறுத்தவில்லை. 1921 வரை, பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மாற்றினார்கள். பிறந்த குழந்தையின் தோளில் நாம் போடும் பி.சி.ஜி. ஊசி அந்தக் கிழங்குத் துண்டுகளில் உருவானதுதான். சென்னை கிண்டியில் 1948-இல் அதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள்.

இங்கே லூபெக்கைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1930-இல் அந்த ஜெர்மன் நகரில் பி.சி.ஜி. என்று வாயில் புகட்டிய மருந்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்திருந்தது. 70-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்துபோயின. கொல்லும் கிருமியையும் தடுப்பூசிக் கிருமியையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்ததன் விளைவு. குழாயில் வளர்ந்தால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லேபிளில் ஓர் எழுத்து மங்கியிருந்தாலும் அந்தப் பாட்டிலை ஒதுக்கச் சொல்லி என் மேலாளர் அம்மா வற்புறுத்துவார். லூபெக் கதையை எங்களுக்குச் சொன்னதும் அவர்தான்.

முட்டையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மேரியன் டோர்செட், 1902-இல். சூட்டில் தானாக இறுகும், சத்து நிறைந்தது, எந்த ஊரிலும் கிடைக்கும். 1930-களின் தொடக்கத்தில் வியன்னாவின் லோவன்ஸ்டைன் முட்டையோடு உப்புகளையும் மாலகைட் கிரீன் என்ற சாயத்தையும் சேர்த்தார். கோபன்ஹேகனின் யென்சன் அதைத் திருத்தி எல்லோரும் கையாளும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சாயம் அழகுக்கல்ல. சளியோடு வரும் மற்றக் கிருமிகளை அது அடக்குகிறது; வெளிர்பச்சையில் காசநோய்க் கிருமியின் வெண்மஞ்சள் திட்டு பளிச்சென்று தெரியவும் வைக்கிறது.

எல்.ஜே. போடும் நாளில் மீடியா ரூமில் பேச்சே இருக்காது. முட்டை புதியதாக இருக்கவேண்டும். ஆண்டிபயாடிக் கலந்த தீவனம் தின்ற கோழியின் முட்டை கூடாது. ஓட்டைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தனியே உடைத்து, நல்லது என்று பார்த்த பிறகே மொத்தத்தில் சேர்ப்போம். நுரை வராமல் கலக்குவதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. நுரையோடு ஊற்றினால் ஸ்லோப் முழுக்கக் குமிழி. துணியில் வடிகட்டி, உப்புக் கரைசலும் சாயமும் சேர்த்து, சின்னப் பாட்டில்களில் ஊற்றி, இன்ஸ்பிசேட்டர் என்ற சூடேற்றும் பெட்டியில் சாய்த்து அடுக்குவோம். 80–85 டிகிரியில் முக்கால் மணி நேரம். சூடு ஏறினால் ஓட்டை ஓட்டையாகிவிடும், குறைந்தால் இறுகாது. பிறகு இரண்டு நாள் வெறுமனே 37 டிகிரியில் வைத்து, எதுவும் முளைக்கவில்லை என்று பார்த்த பின்பே சளி மாதிரி அதன்மேல் போகும். எட்டு வாரம், வாரந்தோறும் பார்வை. வந்தால், உதிர்ந்த ரொட்டித்தூள் ஒட்டியதுபோல் வறண்ட திட்டுகள். எட்டாவது வாரமும் வராவிட்டால்தான் நெகட்டிவ் என்று எழுதலாம்.

இனி, இந்தப் பாட்டில்கள் சாட்சி சொன்ன சென்னைச் சேத்துப்பட்டு. அதற்கு முன், காசநோயாளிகளைத் தங்கவைத்த சானடோரியம். சானடோரியம் என்ற சொல் தாம்பரத்தில் ரயில் நிலையத்தின் பெயராகவே நின்றுவிட்டது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் நினைவு அது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு என்பதே அந்தக் கால வைத்தியம். 1950-களில் ஐசோநயாசிட் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. படுக்கைகளோ நோயாளிகளுக்கு எட்டாத எண்ணிக்கையில் இருந்தன. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கும் மறுபாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோநயாசிட்டும் பாஸும், ஓராண்டு.

எடை ஏறியதா, முகம் தெளிந்ததா என்பதை வைத்து மட்டும் தீர்ப்பெழுதியிருந்தால் சானடோரியம் வென்றிருக்கலாம். அங்கே கிடைத்தது நல்ல சாப்பாடு. ஆனால் அளவுகோலாக வைத்தது கல்ச்சரை, அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பதை. மாதாமாதம் வந்த சளியை ஸ்லோப்பில் போட்டு, காத்திருந்து, பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் கிருமி அடங்கியிருந்தது. 1959-இல் இந்த முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாரையும் பின்தொடர்ந்தார்கள். சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அவர்களுக்கு நோய் அதிகம் வரவில்லை. ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் அரைவயிற்றுக் கஞ்சியோடு மருந்து சாப்பிட்டவர்கள் தந்த சளி, உலகத்தின் சானடோரியக் கதவுகளை மூடவைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இப்போது மூலக்கூறுச் சோதனை இரண்டு மணி நேரத்துக்குள் நோயைச் சொல்லிவிடுகிறது. திரவ ஊடகம் எட்டு வாரத்தை ஆறு வாரமாகக் குறைத்தும் தந்திருக்கிறது. நோயாளிக்கு அது பெரிய நன்மை, மறுக்கமாட்டேன். ஆனால் மூலக்கூறுச் சோதனை தேடுவது கிருமியின் மரபணுவை. செத்த கிருமியிடமும் அது இருக்கும். ஆறாவது மாதம் மருந்து முடித்து வந்து நிற்பவரின் நெஞ்சில் உயிரோடு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதை அறிய அந்தச் சளியை வளர்த்துத்தான் பார்க்கவேண்டும். மருந்துக்கு அடங்காத காசநோய் என்றால் மாதந்தோறும் வளர்த்துப் பார்க்கிறார்கள். அதற்காக மீடியா ரூமில் முட்டை கழுவும் வேலை இன்னும் நடக்கிறது.