புதுக் காரின் முதல் ஓட்டம்

வானகரம் வழியே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் புதுக் கார்களைச் சுமந்த நீண்ட லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியபின் பழகிப்போன காட்சி இது. லாரியில் வந்த காரின் மீட்டர் பூச்சியத்தைக் காட்டாதது ஏன்? ஆலையின் சோதனை ஓட்டமும், கிடங்கில் நகர்த்தியதும் அதில் பதிவாகின்றன. சில பத்துக் கிலோமீட்டர் குறையன்று. நூற்றுக்கணக்கில் இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பலர் ஓட்டிப் பார்த்த வண்டியாக இருக்கலாம்.

எஞ்சினுக்கு முதல் ஓட்டம் முக்கியமானது. வண்டலூரில் 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாகத் தொடங்கிய காலத்தில், புதுக் காரை முதல் சில நூறு மைல்கள் நிதானமாகவே ஓட்டினார்கள். இதுவே 'ரன்னிங்-இன்'. உருளையின் உட்சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், நுண்ணோக்கியில் மேடுபள்ளங்கள் தெரியும். பிஸ்டன் வளையங்கள் உராய்ந்து, மேடுகளைத் தேய்த்து, சுவரோடு பொருந்துகின்றன. தொடக்கத்திலேயே விரட்டினால் வெப்பம் மிகுந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, சுவரில் கீறல் விழும். மிக மெதுவாகவே ஓட்டினாலோ, வாயு அழுத்தம் போதாமல் வளையங்கள் சரியாகப் படியமாட்டா.

இன்று உருளைகள் மிக நுட்பமாகக் கடையப்படுகின்றன. எனினும் வேகக் கார்களுக்கும் முதல் 1000 கி.மீ. வரை நிதானம் நல்லது. வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தாதீர்கள். காரைப் பெறும் நாளில் மீட்டரைப் பாருங்கள். மறவாமல் கையேட்டையும் படியுங்கள்.