லாரியிலிருந்து இரண்டாம் முறை

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். மாலை மாற்றுகிற மாப்பிள்ளையிடம், "ஃபிளாஷ் வரலை, இன்னொரு வாட்டி போடுங்க" என்று சொல்லாத போட்டோக்காரன் எவனும் இல்லை. அதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. ஆனால் 2017-ல் ஒரு நாள் அதே வார்த்தையை வேறொரு இடத்தில் சொன்னேன். அது இன்னும் உறுத்துகிறது.

சவுக்கு வெட்டும் வேலையில் முன்பணத்துக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கூட இருந்த தொண்டு நிறுவனம் ஒன்று என்னை வீடியோவுக்குக் கூப்பிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாரும் லாரியிலிருந்து இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் காலை அதே லாரியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "இன்னொரு வாட்டி ஏறி இறங்குங்க" என்றேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "அண்ணே, மறுபடியும் ஏறி எறங்கணுமா? எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டாள். இல்லம்மா, சும்மா படத்துக்கு என்றேன். அந்தப் பயந்த முகம்தான் படத்தில் பிரமாதமாக விழுந்தது. 'மீட்பின்போது நேரடியாக எடுக்கப்பட்டது' என்று அடியில் எழுத்து ஓடியது.

மீட்பு நடந்தது பொய்யல்ல. ஆனால் அது நடந்த விதம் வேறு. எப்போது வந்தாய், எவ்வளவு வாங்கினாய், ஊருக்குப் போக விட்டார்களா, கூலி கையில் கொடுத்தார்களா என்று அதிகாரிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். இரவு வரை தட்டச்சு ஓடியது. விடுதலைச் சான்றில் கையெழுத்தானபோது குழந்தைகள் தூங்கிவிட்டிருந்தன. அந்தக் காகிதம்தான் மீட்பு. அதை நான் படம் எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை.

நிஜத் துயரத்தை ஏற்பாடு செய்து படம் எடுக்கிற வேலையை இந்தப் பக்கத்தில் நான் தொடங்கி வைக்கவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி கேமராவோடு சுற்றினார். அவர் படங்களை நான் தொழில்காரன் கண்ணால் பார்க்கிறேன். எலும்பு துருத்திய மனிதர்களைக் குடும்ப குரூப் போட்டோபோல உட்கார வைத்தும் நிற்க வைத்தும் எடுத்திருக்கிறார். அன்றைய கேமராவுக்கு அவர்கள் ஆடாமல் அசையாமல் இருந்திருக்க வேண்டும். பட்டினி நிஜம், வரிசை ஏற்பாடு. யார் பெயரும் அதில் இல்லை. இதே ஹூப்பர் 1886-ல் மாண்டலேயில், மரண தண்டனை நிறைவேறும் நொடியைப் படமாக்கப் போய் விசாரணைக்கு ஆளானார்.

பஞ்சச் செய்தியும் படமும் லண்டன் பத்திரிகைகளில் வந்தன. அங்கே திரட்டிய மேன்ஷன் ஹவுஸ் பஞ்ச நிவாரண நிதிக்கு ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. பல உயிர்கள் அதனால் பிழைத்திருக்கும், மறுக்க முடியாது. ஆனால் நிவாரண வேலைக்கு வந்தவனின் கூலியை அரசு அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்ததை எந்தப் படமும் காட்டவில்லை. பஞ்சத்தில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். மாமல்லபுரத்துக்குப் பின்னால் ஓடும் உப்பங்கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைத்தார்கள். சென்னையில் அதன் ஒரு பகுதியை வெட்டியது பஞ்சத்துக்குக் கூலிக்கு வந்த கூட்டம். காப்பாற்றியவர் பெயர் தண்ணீரில் நிற்கிறது. வெட்டியவன் பெயர் எங்கேயும் இல்லை.

பஞ்சம் முடிந்து பதிமூன்று வருடம் கழித்து இதே செங்கல்பட்டு ஜில்லாவில் படமே இல்லாத ஒரு வேலை நடந்தது. கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் இங்குள்ள பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கல்யாணச் செலவுக்கு வாங்கிய சின்னக் கடனுக்குத் தலைமுறையாகப் படியாளாக இருப்பது, குடியிருக்கும் மனை மிராசுதாருடையது என்பதால் வாய் திறந்தால் குடிசை போய்விடும் என்பது, இதையெல்லாம் கணக்கும் காரணமுமாகப் போட்டார். அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பை 1843-லேயே எடுத்துவிட்டார்கள். கடன் மட்டும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அரசு ஒதுக்கிய, நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நிலம் அதில் பிறந்ததுதான். பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை.

அந்த நிலங்கள் பெருமளவு கைமாறிப் போனது வேறு கதை. ஆனால் நூறு வருடம் கழித்து மாமல்லபுரத்தை ஒட்டிய காரணையில் மக்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டபோது பிடித்துக்கொள்ள அவர்களுக்கு இருந்தது அந்தப் பழைய ஆணைதான். அந்தப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். ஹூப்பரின் படத்தைக் காட்டி யாரும் எதையும் கேட்க முடியாது. ட்ரெமென்ஹீரின் தாளைக் காட்டிக் கேட்கலாம்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. 2016-ல் மத்திய அரசு நிவாரணத் தொகையைக் கூட்டியது. உடனடியாக 20,000 ரூபாய். பிறகு ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மூன்று லட்சம். ஆனால் பெருந்தொகையை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டார்கள். தண்டனை கிடைக்கிறவரை அடுப்பு எரிவது எப்படி? மறுபடியும் ஒரு முன்பணம்தான். லாரியிலிருந்து இறங்குவதோடு முடிகிற வீடியோவில் இது வராது.

சினிமாவுக்கும் இதே வழக்கம் உண்டு. 2021-ல் வந்த 'ஜெய் பீம்' பார்த்து நானும் அழுதேன். படத்தில் போலீஸ் அடியில் சாகும் ராசாக்கண்ணு இருளர். 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்த முதனை கிராமத்து ராசாக்கண்ணு குறவர். வழக்கறிஞர் சந்துரு நிஜம், வழக்கும் நிஜம். ஆனால் படம் வந்த பிறகு பத்திரிகைக்காரர்கள் தேடிப் போய்ப் பார்த்தால், ராசாக்கண்ணுவின் மனைவி சென்னை ஓரத்தில் வறுமையில் இருந்தார். சூர்யா அவர் பெயரில் பத்து லட்சம் வைப்புத்தொகை போட்டார். அது படம் செய்த நல்லது. ஆனாலும் சாதியை மாற்றியது சின்ன விஷயமில்லை. தங்கள் துயரம் இன்னொருவர் பெயரில் ஊரெல்லாம் ஓடுவதைக் குறவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2023-ல் வந்த 'சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்' படமும் உண்மைக் கதை என்றே ஓடியது. காட்டுக்குள் புகுந்து சிறுமியைத் தூக்கி வரும் உச்சக்காட்சி கற்பனை. நாயகன் தனியாளாகப் போக வேண்டும். ஆபீசில் இரவு வரை தட்டச்சு செய்கிறவனை வைத்து டிக்கெட் விற்காது.

மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலிலேயே படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணமும் அங்கேயே நடக்கும். அந்த மீட்புக்கு இரண்டு வருடம் கழித்து அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதே பெண் எதிரே வந்தாள். குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. "அண்ணே, லேமினேசன் போட்டுத் தருவீங்களா?" என்று புடவை முடிச்சிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தாள். நாலாக மடித்த விடுதலைச் சான்று. மடிப்பில் எழுத்து அழிய ஆரம்பித்திருந்தது. நான் எடுத்த வீடியோவைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அவளிடம் யாரும் அதைக் காட்டியிருக்கவும் மாட்டார்கள்.

லேமினேசன் போட்டேன், நாலு ஜெராக்ஸும் எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. முப்பது வருடத் தொழிலில் மீட்புக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான்.

மீட்புப் படம் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல மனசோடுதான் அனுப்புகிறீர்கள். அனுப்புமுன் ஒன்று விசாரியுங்கள்: விடுதலைச் சான்று எந்தத் தேதியில் வந்தது, அந்தக் குடும்பம் இன்று எங்கே இருக்கிறது? இதற்குப் பதில் வைத்திருப்பவர்களுக்கு அனுப்புங்கள். லாரியை மட்டும் காட்டுகிறவர்களிடம், அது எத்தனையாவது முறை என்று கேளுங்கள்.