உயர்ந்த கைகள்! தாழ்ந்த ஏடுகள்!

ஓடினர், வென்றனர் - பாராட்டினர்! வென்றவர் வாய் திறவாது கையை உயர்த்தினர் - பதறினர், பழித்தனர், துரத்தினர்! ஏன்? கை உயர்ந்ததா குற்றம்? உயர்ந்த கை கறுத்த கையாக இருந்ததா குற்றம்?

1968 அக்டோபர் 16. மெக்சிகோ நகர ஒலிம்பிக் அரங்கு. 200 மீட்டரை 19.83 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார் அமெரிக்கக் கறுப்பினத்தவரான டாமி ஸ்மித். மூன்றாமிடம் பெற்றார் அவருடைய தோழர் ஜான் கார்லோஸ். காலணி களைந்து, கறுப்புக் காலுறையுடன் மேடை ஏறினர் இருவரும் - தம் மக்களின் வறுமையை உலகுக்குக் காட்ட! நாட்டுப் பண் ஒலித்தது, தலைகள் தாழ்ந்தன, கறுப்புறை அணிந்த கைகள் உயர்ந்தன. கல் எறிந்தாரில்லை, கடுஞ்சொல் உரைத்தாரில்லை.

ஏடுகள் செய்ததென்ன? நிறவெறி உண்டா இல்லையா என்று ஆராய்ந்தனவா? இல்லை! சிகாகோ ஏடொன்றில் பிரென்ட் மஸ்பர்கர் என்பார், அவ்விருவரையும் இட்லரின் அடியாட்படைக்கு ஒப்பிட்டு எழுதினார். 'டைம்' வார இதழோ, விரைவு, உயர்வு, வலிமை எனும் ஒலிம்பிக் முழக்கத்தையே திரித்து, சினமும் சிறுமையும் அருவருப்புமே அங்கு கண்டதாக எழுதிற்று. கொடுமையைச் சுட்டிய விரலே கொடுமை என்றாயிற்று!

விளையாட்டில் அரசியல் புகலாகாதாம்! அப்படிச் சொல்லி இருவரையும் வெளியேற்ற முனைந்து நின்றவர், பன்னாட்டு ஒலிம்பிக் குழுத் தலைவர் ஆவரி பிரண்டேஜ். யார் இவர்? 1936-இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவர். யூதரை வதைக்கும் பெர்லினுக்குப் போகலாகாது என்று எழுந்த குரலை எதிர்த்தவர்! அங்கே நாஜி வணக்கத்துக்கு நீண்ட கைகள் அவர் கண்ணை உறுத்தவில்லை. ஆள்வோர் கை நீண்டால் மரபு. அடிமைப்பட்டோர் கை உயர்ந்தால் அரசியல்!

இன்னுங் கேளுங்கள், தோழர்களே! ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, அக்டோபர் 2 அன்று, அதே மெக்சிகோ நகரின் திலாதெலொல்கோ சதுக்கத்தில், உரிமை கேட்டுத் திரண்ட மாணவரைச் சுட்டு வீழ்த்திற்று அரசுப் படை. அந்நாட்டு ஏடுகளிற் பல, அரசு சொன்ன கதையையே அச்சிட்டன. ஆட்டங்கள் நடந்தே தீரும் என்றது ஒலிம்பிக் குழு. குருதி கண்டு கலங்காதவர், கையுறை கண்டு கொதித்தனர்!

அந்த மேடையில் இரண்டாமிடத்தில் நின்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மனும், மனித உரிமைச் சின்னத்தை நெஞ்சில் அணிந்தே நின்றார். 2006-இல் அவர் மறைந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோசும்! 2012-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்பு வேண்டிற்று. கேட்க அவர் இல்லை.

2005-இல் சான் ஓசே பல்கலைக்கழகத்தில் மூவர் மேடைக்கும் சிலை எழுந்தது. நார்மன் நின்ற இடம் மட்டும், அவர் விருப்பப்படியே, வெறுமையாக விடப்பட்டது - காண்போர் ஏறி நிற்பதற்காக!

தோழர்களே, ஏட்டில் வந்ததாலேயே எதுவும் உண்மையாகிவிடாது. எழுதியவர் யார், எவர் பக்கம் நின்று எழுதினார் என்று கேட்போம். கேட்டபின், அந்த வெற்றிடத்தில் ஏறி நிற்போம்!