அரக்குப் படாத அடிப்புறம்

அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே கிடப்பது தாமிரபரணி ஒன்றுதான். அக்கரையில், கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோவிலில் 1982-ல் களவு போனது. நடராசர் திருமேனியைக் காணோம். தேடிப் பார்த்துவிட்டு வழக்கை மூடினார்கள். 2001-ல் அதே நடராசரை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடம் விலைகொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்தது. களவு போய் 37 ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், அவர் ஊர் திரும்பினார். ஊரே திரண்டு நின்று வரவேற்றது. இன்ன கோவில் நடராசர் இவர்தான் என்று நிரூபிக்கக் கைகொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படப் பதிவு.

இக்கரையில் பிறக்கும் கலைப்பொருளை யாரும் களவாட நினைத்ததில்லை. எந்த ஏலக் கூடமும் அதைக் கேட்டு வந்ததில்லை. பனையோலைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே உரல், உலக்கை, அம்மி, குழவி, திருகை, அடுப்பு, பானை, குடம், அகப்பை, குத்துவிளக்கு என்று ஒரு வீட்டின் அடுக்களை முழுவதும் விரல் உயரத்தில் இருக்கும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளபளக்கும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் என்றால் நெல்லைச் சீமையில் தெரியாத வீடு கிடையாது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் கடைக்கு வரும். பாபநாசம் போனால் கண்ணில் படும். தேரோட்டம் பார்க்கப் போன பிள்ளை அழுதால் ஒரு பெட்டி கைக்கு வரும்.

அந்தப் பளபளப்புக்குக் காரணம் அரக்கு.

அரக்கு என்றதும் பாரதத்து அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். சங்கப் புலவர்கள் செந்நிறத்துக்கு உவமை தேடும்போது அரக்கைத் தொட்டார்கள். பலாசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிவாழும் சின்னஞ்சிறு பூச்சி தன் உடம்பைச் சுற்றிச் சுரந்து கட்டும் கூடுதான் அது. கிளையிலிருந்து சுரண்டி, கழுவி, உருக்கி எடுக்கிறார்கள். கழுவிய நீரில் சிவப்புச் சாயம் போகும், மிஞ்சுவது பிசின். பிளாஸ்டிக் வருவதற்கு முன் இந்தப் பிசினுக்கு உலகமெங்கும் தேவை இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய கிராமபோன் தட்டு அரக்கால் ஆனது. தியாகராஜ பாகவதரின் குரலைத் தமிழர்கள் வீட்டில் இருந்தபடி கேட்டது இந்தப் பூச்சியின் தயவால்தான்.

சொப்பு செய்யும் கடைசல் பட்டறையிலும் சுழற்சிதான் வேலை செய்கிறது. நன்றாகக் காய்ந்த மரத்துண்டைப் பட்டறையில் பொருத்திச் சுழலவிடுகிறார்கள். உளியை வைத்ததும் சீவல் சுருள் சுருளாகப் பறக்கும். சற்று நேரத்தில் மரத்துக்குள்ளிருந்து ஒரு குடத்தின் கழுத்தும் வயிறும் வெளிப்படும். உப்புத்தாள் பிடித்து வழுவழுப்பாக்கிய பின், நிறம் சேர்த்துப் பிசைந்து வைத்த அரக்குக் கோலைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார் கடைசல்காரர். நெருப்பும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. உராய்வில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு தாழை மடலைப் பிடித்து இழுத்தால் நிறம் சமமாகப் பரவி மினுங்குகிறது. தூரிகை இல்லாமல், காயவைக்கக் காத்திராமல், ஒரே மூச்சில் நடந்து முடிகிற வேலை. மரம் ஒரு மயிரிழை கோணினாலும் நிறம் திட்டுத் திட்டாக ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கை தேர்ந்தவர் இடும் இரண்டு நிறங்களுக்கு நடுவிலுள்ள கோடு அத்தனை கூர்மையாக விழுவதைப் பார்க்கையில், இதைப் பொம்மை வேலை என்று மட்டும் சொல்லி நகர மனம் வராது.

முன்னாளில் பட்டறையைச் சுழற்ற ஒருவர் கயிறு இழுக்க வேண்டும். கடைபவர் ஒருவர், இழுப்பவர் ஒருவர் என்று இருவர் மூச்சும் ஒன்றாக ஓடும். மேற்கே பாபநாசத்தில் தாமிரபரணி நீரால் இயங்கும் மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியது. மெல்லப் பட்டறைகளுக்குள்ளும் மோட்டார் புகுந்தது. மரத்துக்கு மலைதான் துணை. மஞ்சக்கடம்பு இதற்கென்றே பிறந்தது போன்ற மரம்: நெருக்கமான இழை, வெடிப்பு குறைவு, உளிக்கு வசப்படும். முண்டந்துறை 1962-ல் புலிகள் சரணாலயமானது. 1988-ல் களக்காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. காட்டைக் காக்க அது வேண்டியதுதான். பட்டறைக்காரர்கள் வேறு மரங்களுக்கு மாறவேண்டி வந்தது.

கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் இதே முறையில் அரக்குப் பொம்மைகள் செய்கிறார்கள். ஆனால் அரக்கு பெருங்கலையான கதையைக் கேட்க இன்னும் கிழக்கே, வியட்நாமுக்குப் போகவேண்டும்.

அங்கே பூச்சி இல்லை. மரத்தைக் கீறினால் வடியும் பால்தான் அரக்கு. நம் அரக்கு சூட்டில் இளகும். அவர்களுடையது ஈரக் காற்றில் இறுகும். பூசிய பலகையை ஈரம் நிறைந்த அடைப்புக்குள் வைத்துத்தான் உலர்த்துகிறார்கள். ஒரு பூச்சு இறுகிய பிறகு அடுத்த பூச்சு, அதற்கும்மேல் இன்னொன்று. கோவில் சிலைகளுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் இதைப் பூசிவந்த கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். பெயர் தெரியாதவர்கள்தான், நம் கடைசல்காரர்களைப் போல.

1925-ல் ஹனோயில் இந்தோசீன நுண்கலைப் பள்ளி திறந்தது. பிரெஞ்சு ஓவியர் விக்டர் தார்தியூவும் வியட்நாமிய ஓவியர் நாம் சோனும் சேர்ந்து உண்டாக்கிய பள்ளி. அங்கே ஆசிரியராயிருந்த ஜோசப் ஆங்கிம்பெர்த்தி, கோவில்களில் மின்னும் அரக்கைப் பார்த்து மயங்கியவர். 1930-களில் அரக்குப் பட்டறை ஓவிய வகுப்புக்குள் வந்தது. எண்ணெய் வண்ணம் கற்க வந்த மாணவர்கள் கைவினைஞர்களின் பக்கத்தில் உட்கார்ந்து மரப்பாலைக் குழைத்தார்கள். பல அடுக்குப் பூசி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, அடியில் புதைந்த நிறத்தை வேண்டிய இடத்தில் மேலே வரவழைக்கும் உத்தி பிறந்தது. வெள்ளைக்கு முட்டையோட்டுத் துண்டுகள், ஒளிக்குப் பொன், வெள்ளித் தகடுகள். அந்த உத்திக்கு இட்ட ‘சோன் மாய்’ என்ற பெயரிலேயே பூசுவதும் தேய்ப்பதும் உண்டு.

அந்தப் பள்ளியில் படித்த நுயென் ஜா ட்ரி, அரக்கை முழுமையான ஓவிய ஊடகமாக்கியவர் என்று போற்றப்படுகிறார். அவருடைய கடைசிப் பெரும்படைப்பான வசந்தத் தோட்டத்துக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்தார். வியட்நாம் அரசு 2013-ல் அதைத் தேசியச் செல்வமாக அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்து, தூசு போகச் சுத்தம் செய்கிறோம் என்று தேய்த்ததில் அந்த ஓவியம் சேதமடைந்தது. 2019-ல் செய்தி வெளியானபோது நாடே பதறியது.

அந்தப் பள்ளி நடந்தது 20 ஆண்டுகள்தான், 1945-ல் மூடிவிட்டார்கள். அதற்குள் லே ஃபோ, மாய் ட்ருங் து, வூ காவ் டாம் போன்ற மாணவர்கள் பாரிஸ் போய்த் தங்கிவிட்டார்கள். ஐரோப்பிய வீடுகளில் தொங்கிய அவர்களுடைய படங்கள் பிற்பாடு ஏலத்துக்கு வந்தன. வியட்நாமில் புதுப்பணம் சேரச் சேர, தாய்நாட்டுப் படத்தை மீட்டு வாங்கும் வேகமும் ஏறியது. 2021 ஏப்ரலில் ஹாங்காங்கில் சோதபீஸ் நடத்திய ஏலத்தில் மாய் ட்ருங் து 1930-ல் வரைந்த ஓர் இளம்பெண்ணின் எண்ணெய் வண்ண ஓவியம் 31 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 20 கோடி ரூபாய்க்கு மேல்.

இத்தனை விலை எங்கிருந்து வந்தது? அழகு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. அதோடு கையெழுத்து இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, பள்ளியின் மாணவர் பட்டியல் இருக்கிறது, 1931 பாரிஸ் கண்காட்சி போன்றவற்றின் பதிவுகள் இருக்கின்றன. பதிவுக்கு எவ்வளவு வலு என்பதைப் போலிகளும் காட்டின. 2016-ல் ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில், ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஓவியங்கள் என்று 17 படங்களை வைத்தார்கள். 15 போலி, மீதி இரண்டில் கையெழுத்து பொய் என்று நிபுணர் குழு சொல்லிவிட்டது. பெயருக்கு விலை என்று ஆனபின் பெயரையே திருடுகிறார்கள்.

ஹனோய்ப் பள்ளிக்கு 75 ஆண்டுகள் முன்பே, 1850-ல், சென்னையில் கலைப் பள்ளி உண்டாகிவிட்டது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. கைத்தொழிலை வளர்ப்பதே அதன் நோக்கம். மட்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 1890-களின் இறுதியில் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு விதை விழுந்தது அந்த வளாகத்தில். பின்னாளில் அலுமினியம், தகரம், பிளாஸ்டிக், எவர்சில்வர் என்று வந்த சொப்புகள் மரச் சொப்பைக் கடையின் ஓரத்துக்குத் தள்ளின.

ஹனோயில் அரக்குக்காரர் ஓவியரின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரருக்கு அப்படி ஓர் இருக்கை கிடைக்கவில்லை. மிக நெருங்கி வந்தது ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியர்கள் பகலில் பாத்திக் துணி போன்ற கைவேலை செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்தை வளர்த்தார்கள். கைவினை அவர்களைக் காப்பாற்றியது. அந்தக் கூட்டத்தில் தாழை மடலோடு ஒருவர் இருந்திருந்தால் என்னவெல்லாம் பிறந்திருக்கும் என்று ஏங்கத் தோன்றுகிறது.

இலங்கையில் ஒரு தமிழர் வேறொரு வழியில் கைவினைஞருக்கு இடம் தந்தார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, கனிமங்களை ஆராய ஊர் ஊராகப் போனவர். போன இடத்திலெல்லாம் தட்டார், தச்சர், அரக்கு வேலைக்காரரின் பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்தார். 1908-ல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டியச் சீமையின் இரண்டு அரக்கு முறைகளையும் எழுதிவைத்தார். ஒன்று கடைசலில் இடுவது, அம்பாசமுத்திரத்துக்கு உறவு. மற்றது மாத்தளைப் பக்கத்து நக வேலை: இளகிய அரக்கை நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பொருளின்மேல் பதிப்பது. அச்சிட்டவை 425 படிகள்தான். ஆனாலும் ஒரு நூற்றாண்டு கழித்து அந்த வேலையைத் தேடுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள அது ஒரு கொம்பு.

தாமிரபரணிக் கரையில் பதிவானவை பலவும் காலத்தைத் தாண்டி நின்றிருக்கின்றன. ஆதிச்சநல்லூர்ப் புதைகாட்டில் 1876-ல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர், கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னால் வந்த அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவற்றைப் பட்டியலிட்டார். பத்தமடைக் கோரைப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடும் ஊரின் பெயரைத்தான் காக்கிறது. பாயை நெய்த கையின் பெயர் அதில் கிடையாது. சொப்போ பிள்ளைகள் கையில் உருண்டு, மழையில் நனைந்து, உடைந்து, அடுப்பெரிக்கப் போய்விடும். பாட்டி விளையாடிய பெட்டி பேத்திக்கு வந்து சேர்ந்த வீடுகளில்கூட, அதைக் கடைந்தவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. சில நூறு ரூபாய்க்குப் பெட்டி பெட்டியாக விற்கும் பொருளில் யார் பெயர் எழுதப் போகிறார்கள்?

எழுத இடம் இருக்கிறது. குடத்தைக் கடைந்து, அரக்கிட்டு, மடல் பிடித்து முடித்ததும், பட்டறையில் பொருத்திய மீதி மரத்திலிருந்து அதை உளியால் அறுத்து எடுக்கிறார்கள். அறுத்த அடிப்புறத்தில் அரக்கு ஏறுவதில்லை. கட்டைவிரல் நுனி அளவு வெறும் மரம், மஞ்சள் பாரித்து, இழை தெரிய இருக்கும். மூன்று எழுத்துப் பெயரும் நான்கு இலக்க ஆண்டும் அதில் தாராளமாக அடங்கும்.