இருதய நோயாளர் எங்கே போயினர்?



கொள்ளைநோய்களின் சரித்திரத்தை எழுதுவோர் அந்நோயால் மாண்டோரையே முதலில் எண்ணுவர். அதே வேளையில் வேறு பிணியோடு போராடிக்கொண்டிருந்தோர் என்ன ஆயினர் என வினவுவோர் சிலரே. அந்த இரண்டாவது வினாவை, 2020 ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் நிகழ்ந்தவற்றை வைத்து இன்று ஆராய விரும்புகின்றேன். நான் வைத்தியன் அல்லேன், சரித்திரம் படிப்பிப்பவன். ஆகவே வைத்திய நுட்பங்களை எனக்கு விளங்கிய அளவிலேயே சொல்வேன்.

2020 பெப்ரவரி 20 ஆம் திகதி, வட இத்தாலியின் லொம்பார்டி மாகாணத்தில் கொதோஞ்ஞோ என்னும் சிற்றூர் வைத்தியசாலையிலே, நியூமோனியாவுடன் கிடந்த ஒருவருக்குக் கொரோனாக் கிருமி தொற்றியிருப்பது தெரியவந்தது. மார்ச் 8 ஆம் திகதி மாகாணம் முழுவதும் அடைக்கப்பட்டது. இரண்டு நாளில் நாடு முழுவதும் அடைபட்டது. மார்ச் 18 ஆம் திகதி இரவு பேர்காமோ நகரிலிருந்து பிரேதப் பெட்டிகளை இராணுவ லொறிகள் வேற்றூர்களுக்கு ஏற்றிச் சென்ற காட்சியை உலகம் முழுவதும் கண்டது.

லொம்பார்டிக்குக் கொள்ளைநோய் புதிதன்று. அதன் தலைநகரான மிலானில், 15 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மதிலுக்கு வெளியே லாசரெத்தோ என்னும் பெரும் விடுதியைக் கட்டத் தொடங்கினர். ஊருக்குள் ஏனைய நோயாளர்க்கெனப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று அதற்கு முன்னரே இருந்தது. 1630 ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் அந்த லாசரெத்தோ பட்ட பாட்டை மன்சோனி தமது நாவலில் எழுதியுள்ளார். கொள்ளைநோய் கண்டவரை ஊருக்கு வெளியே பிரித்து வைப்பதே அக்கால முறை. 2020 இல் இம்முறை தலைகீழாயிற்று. தொற்றுநோயாளர் எல்லா வைத்தியசாலைகளையும் நிரப்பிவிட, மாரடைப்பு முதலிய அவசர நோய் கண்டவரையே பிரித்துச் சில நிலையங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மிலானின் மொன்சினோ இருதய வைத்தியசாலை அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று.

இருதயச் செயலிழப்பு என்றதும் இருதயம் நின்றுவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். அது அவ்வாறன்று. இருதயம் தளர்ந்து, குருதியைத் தேவையான அளவு வெளியே தள்ள இயலாது போகும் நிலையே அது. அப்போது கால்கள் வீங்கும். நீர் நுரையீரலிலே தேங்கும். படுத்தால் மூச்சு முட்டும். இங்கிலாந்தின் வைத்தியர் வில்லியம் விதரிங், டிஜிற்றாலிஸ் என்னும் செடியின் இலை இவ்வீக்கத்தை வடியச் செய்வதை 1785 ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். இந்நாளில் நோயாளியை நிமிர்த்தி இருத்துவர், பிராணவாயு கொடுப்பர், சிறுநீரைப் பெருக்கும் பியூறோசமைட் மருந்தை நரம்பு வழியே ஏற்றுவர், வேண்டுமாயின் முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்துவர். காலத்தோடு வந்தவர் பலர் சில நாட்களில் வீடு திரும்புவர்.

இங்கேதான் இடர் தோன்றியது. கொவிட் நோயாளிக்கும் மூச்சுத் திணறல். இருதயம் தளர்ந்தவருக்கும் மூச்சுத் திணறல். நுரையீரற் படத்தில் இருவருக்கும் வெண்மைப் படலம் தோன்றக்கூடும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் உண்டு. எந்தக் கூடத்திற்கு அனுப்புவது என்பதை வாசலிலேயே தீர்மானிக்க வேண்டும். காற்றைச் செலுத்தும் முகமூடியோ, கிருமியைச் சுற்றிலும் பரப்பும் என்று அஞ்சப்பட்டது. ஆகவே தலை முழுவதையும் மூடும், கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் கவசங்களை இத்தாலியர் பெரிதும் கையாண்டனர்.

ஆனால் வைத்தியரை அதிகம் திகைக்கச் செய்தது வந்த நோயாளர் அல்லர், வராத நோயாளரே. மார்ச் 12 முதல் 19 வரையான ஒரு வாரத்தில், நாடெங்குமுள்ள 54 வைத்தியசாலைகளின் இருதய அவசரப் பிரிவுகளைக் கணக்கெடுத்தனர். முந்திய ஆண்டின் அதே வாரத்தில் மாரடைப்புக்கென அனுமதிக்கப்பட்டோர் 618 பேர். இவ்வாண்டு 319 பேர். இருதயச் செயலிழப்புடன் வந்தோர் தொகையும் ஏறத்தாழ 47 வீதம் குறைந்திருந்தது. நாட்டில் இருதய நோய் ஒரே வாரத்தில் பாதியாகிவிட்டதா? நான் நெடுங்காலம் வகுப்பறையில் இடாப்புக் கூப்பிட்டவன். வராத பிள்ளை சுகமாக இருக்கிறது என்று எந்த ஆசிரியனும் கொள்ளான். கடும் மாரடைப்போடு வந்தோருள் இறந்தோர் 4.1 வீதத்திலிருந்து 13.7 வீதமாக உயர்ந்ததைப் பார்க்கும்போது, பலர் தாமதித்தே வந்தனர் என்று கருத வேண்டியுள்ளது. அஞ்சினர், பிறருக்குப் பாரமாகலாகாது என்றும் சிலர் எண்ணியிருப்பர்.

வைத்தியசாலைக்கு வெளியே இருதயம் நின்றோர் தொகையையும் எடுத்துள்ளனர். லொம்பார்டியின் நான்கு பிரிவுகளில், கொள்ளைநோயின் முதல் 40 நாட்களில் 362 பேர். முந்திய ஆண்டின் அதே நாட்களில் 229 பேர். இந்த மிகுதியை முழுவதும் அச்சத்தின் கணக்கில் எழுதுவது பிழை. மிகுதியான 133 பேருக்கு எதிரே, கொவிட் உறுதியானவரோ சந்தேகிக்கப்பட்டவரோ 103 பேர் இருந்தனர். ஆயினும் அம்புலன்ஸ் வந்துசேர முன்னையிலும் சுமார் மூன்று நிமிடம் கூடுதலாயிற்று. அருகிலிருந்தோர் மார்பை அழுத்தி முதலுதவி செய்ததும் குறைந்தது. நின்ற இருதயத்திற்கு மூன்று நிமிடம் பெரிது.

இன்னொரு குழப்பமும் அந்நாட்களில் எழுந்தது. கிருமி உடலினுள் நுழையும் வாயிலுக்கும், இருதயத் தளர்ச்சிக்கும் குருதியழுத்தத்திற்கும் நாள்தோறும் விழுங்கும் சில மாத்திரைகளுக்கும் தொடர்புண்டு; ஆகவே அம்மாத்திரைகள் ஆபத்தானவை என்ற பேச்சு எங்கும் பரவியது. நிறுத்தினால் தளர்ந்த இருதயம் மேலும் தளரும். ஐரோப்பிய இருதயவியற் சங்கத்தின் குருதியழுத்தக் குழு மார்ச் 13 ஆம் திகதியே, மாத்திரைகளை நிறுத்த வேண்டாம் என அறிவித்தது. அவ்வேளையில் அதற்குச் சோதனை ஆதாரம் இல்லை. அறிந்ததை வைத்துத் துணிந்து சொன்ன சொல் அது. பின்னர் பிறேசில் நாட்டில் 659 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு மாத்திரையை நிறுத்தியும் மறு சாராருக்குத் தொடர்ந்தும் பார்த்தனர். நிறுத்தியதால் எந்த நன்மையும் விளையவில்லை. அம்முடிவு செப்டெம்பர் முதலாந் திகதி வெளியாயிற்று. லொம்பார்டியில் முதலலை ஓய்ந்து அப்போது மாதங்கள் கடந்திருந்தன.