காஞ்சிபுரத்துக்குக் கடல் இல்லை... ஆனா, யாட் கிளப்ல உங்களுக்கும் வேலை இருக்கு!

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. மாமல்லபுரம், கோவளம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட, பல்லவர்களின் தலைநகரான காஞ்சிபுரம் கடலே இல்லாத மாவட்டமாகிவிட்டது. இந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு யாட் கிளப் பத்தித் தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்னு கேக்குறீங்களா? அது பணக்காரங்க விளையாட்டுன்னு ஒதுங்கிப் போறதுக்கு முன்னாடி, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம்.

யாட் கிளப்னா சொகுசுக் கப்பலா?

இல்லை. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ ஓட்டும் சின்னப் பாய்மரப் படகுகள்தான். 15 வயது வரையிலான பிள்ளைகள் ஓட்டும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகின் நீளம் சுமார் ஏழே முக்கால் அடி, எடை சுமார் 35 கிலோ. இன்ஜின் கிடையாது, காற்றுதான் எல்லாம். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தத் திசையைக் கன்னத்தில் உணர்ந்து பாயைத் திருப்புவதுதான் இதில் முதல் பாடம்.

நமக்குப் பக்கத்துல எங்கே இருக்கு?

சென்னைத் துறைமுகத்துக்குள்ளே. துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ல் தொடங்கியதுதான் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். தமிழ்நாடு பாய்மரப் படகு சங்கமும் சென்னையில்தான் இயங்குகிறது. நேத்ரா குமணன் சிறுவயதில் இந்தச் சங்கத்தின் கோடைக்கால முகாமில்தான் படகைத் தொட்டார். பிறகு, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோ போன கே.சி.கணபதி, வருண் தாக்கர் ஜோடியும் சென்னைதான். 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்றவர்கள் அவர்கள்.

யார் நடத்துறாங்க?

இங்கேதான் விஷயமே இருக்கு. படகைப் பராமரிக்க ஊழியர்கள் இருக்கலாம். ஆனால், உலகம் முழுக்க உள்ளூர் கிளப்களில் வார இறுதிப் பந்தயத்தை நடத்துவது உறுப்பினர்களும் பெற்றோர்களும்தான். சம்பளம் கிடையாது, முறைவைத்து வருவார்கள். கருட சேவை அன்னிக்கு நம்ம தெருவுல தண்ணீர்ப் பந்தல் போடுறோமே, அதே மாதிரிதான்.

ஒருவர் மிதவைகளைக் கடலில் நிறுத்துவார். ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு கொடி ஏற்றுவார். பந்தயம் தொடங்க 5 நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும், 4 நிமிடத்தில் இன்னொன்று. 1 நிமிடம் இருக்கும்போது அந்த இரண்டாவது கொடி இறங்கும். கடைசியில் முதல் கொடி இறங்கினால் ‘ஸ்டார்ட்’. இன்னொருவர் பாயில் இருக்கும் எண்ணைப் பார்த்து, யார் எத்தனையாவது என்று குறித்துக்கொள்வார். எல்லாவற்றையும்விட முக்கியம் ரெஸ்க்யூ போட். அதில் ஆள் இல்லையென்றால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. ‘இந்த வாரம் முடியாது’ என்று கடைசி நேரத்தில் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டால், ஒரு முகாமே கரையில் உட்கார வேண்டியதுதான்.

நடுவர் கிடையாதா?

பெரும்பாலான பந்தயங்களில் தண்ணீரில் விசில் ஊத யாரும் இல்லை. அடுத்த படகுக்கு வழிவிடாமல் விதியை மீறினால், நீங்களே தப்பை ஒப்புக்கொண்டு படகை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும். மிதவையில் இடித்தால் ஒரு சுற்று. சண்டை வந்தால் கரைக்கு வந்தபிறகு விசாரணை. விசாரிக்கிறவர் போன வாரம் உங்களோடு போட்டி போட்டவராகவும் இருக்கலாம்!

படகு வாங்கணுமா?

வேண்டாம். பழைய கிளப்களில் உறுப்பினராவது செலவான விஷயம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி முகாம்களில் படகு அவர்களே தருவார்கள். இருவர் ஓட்டும் படகில் ‘க்ரூ’வாகப் போகலாம், பந்தய வேலைகளில் கைகொடுக்கலாம். ஆள் பற்றாக்குறை எல்லா கிளப்பிலும் உண்டு. ஒழுங்காக வருகிறவருக்கு அங்கே மதிப்பு தனி.

போறதுக்கு முன்னாடி...

* நீச்சல் கத்துக்கோங்க. தெரிஞ்சாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.
* துறைமுகம் பாதுகாப்புப் பகுதி. முன்கூட்டியே பேசி, அனுமதி வாங்கிட்டுப் போங்க.
* அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை இருந்தா கிளம்பாதீங்க.
* தொப்பி, சன் ஸ்க்ரீன், தண்ணீர் பாட்டில், நனைஞ்சா மாத்த ஒரு செட் டிரஸ்.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்னைக் கடற்கரைக்கு நேரடி மின்சார ரயில் இருக்கிறது. இறங்கினால் துறைமுகம் பக்கம்தான். முதல் நாள் உங்களுக்குப் பாய் கிடைக்காமல் போகலாம். ஸ்டாப்வாட்ச் கொடுத்தால் தயங்காம வாங்கிக்கோங்க. நேத்ரா மாதிரி ஒரு பொண்ணு கடல்ல இறங்கணும்னா, அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்க ஒரு ஆள் வேணும்!